விருப்பப் பாடமும் வறுத்த அரிசியும்

சென்ற மாதம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு மலாக்காவில் பாயா ரும்புட் வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் மாணவர் பதிவுப் பிரிவில் வேலையாம். ஒரு காலத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். விருப்பப் பாடங்களைப் பற்றி ஒரு மலர் போடப் போகிறார்கள். பழைய ஆள் எவராவது உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்ததில் என் பெயர் அகப்பட்டிருக்கிறது.

"இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல லா, அங்கிள். காலையில திறந்து விடுவோம். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஈசியான பாடமெல்லாம் முடிஞ்சிரும். உங்க காலத்துல எப்படி எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"ஈசியா இருக்கும்னு யாராச்சும் ஒரு பாடத்தைக் கேட்டா, வெளிய அனுப்பிடுவாங்கம்மா" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவள் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். மலருக்குப் பத்து வரி போதும் என்றிருந்தாள். என்னால் எதையும் பத்து வரியில் சொல்ல முடிந்ததில்லை, அது என் மனைவிக்கும் தெரியும்.

விருப்பப் பாடம் என்பது இதுதான். ஒருவர் சரித்திரத்தில் பட்டம் படிக்கிறார் என்றால், சரித்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துறையிலிருந்தும் ஒரு பாடம் படித்தாக வேண்டும். பெயரில்தான் விருப்பம் இருக்கிறது, எடுக்காமல் தப்பிக்க முடியாது. அது மலாயாவில் அவசரகாலம், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட காலம். பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. மலாக்காப் பக்கத்துப் பிள்ளைகள் நீண்ட விடுமுறையில் ஊரிலேயே அந்தப் பாடத்தைப் படித்து முடிக்கட்டும் என்று மலாக்கா டவுனில் ஒரு மளிகைக் கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து நிலையம் ஒன்று வைத்தார்கள். மாடி முழுவதும் கருவாடும் கிராம்பும் மணக்கும். அங்கே மண், மழை, பூச்சி, பூஞ்சணம், மீன்வலை முடிச்சுகள், பழைய கல்லறை எழுத்துகள் என்று எது வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த நிலையத்தின் ஒரே கிராணி, அதாவது குமாஸ்தா, நான்.

நான் கிராணியான கதை சின்னது. அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, துணிக்கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். நிலையத்தின் பொறுப்பாளர் மிஸ்டர் டிக்ரூஸ் நேர்காணலுக்குக் கூப்பிட்டார். என் சான்றிதழ்களை ஒதுக்கி வைத்துவிட்டு, "உனக்கு எது தெரியாது?" என்று கேட்டார். பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "டைப் அடிக்கத் தெரியாது, சார்." டைப் அடிக்கத்தான் ஆள் எடுக்கிறார்கள்! அவரோ, திங்கட்கிழமையே வந்து கற்றுக்கொள் என்றார்.

டிக்ரூஸ் மலாக்காவில் பிறந்து வளர்ந்த போர்த்துகீசிய வம்சத்தார். குள்ளமான மனிதர். செடி கொடி ஆராய்ச்சியில் பெரிய படிப்பு. மற்றவர்கள் 'நல்லா இருக்கீங்களா' என்று சொல்கிற மாதிரி அவர் 'தெரியாது' என்று சொல்வார், வெட்கமே இருக்காது. யாராவது ஒன்றைக் கேட்டு அவருக்கு விடை தெரியாமல் போனால் முகம் மலர்ந்துவிடும். எனக்கு முதலில் இது எரிச்சலாக இருந்தது. எங்கள் வீட்டில் தெரியாது என்று சொன்னால் உதை விழும்.

பாடம் தேர்ந்தெடுக்கும் நாள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், இப்போது எங்கும் அந்த முறை இல்லை. மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். மேசை மேல் பாடங்களின் பட்டியல் இருக்காது, ஒரு தட்டில் அவித்த கச்சான், அதாவது வேர்க்கடலை, இருக்கும். வந்தவர் உட்கார்ந்ததும் டிக்ரூஸ் அதே கேள்வியைக் கேட்பார்: உனக்கு எது தெரியாது? பிறகு கச்சானை உரித்துத் தின்றுகொண்டே காத்திருப்பார். அவசரப்படுத்த மாட்டார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எழுந்து ஓடிய பையன்களும் உண்டு. மாணவர் ஒரு கேள்வியைச் சொன்ன பிறகுதான் எனக்கு வேலை. ஒரு மஞ்சள் அட்டையில் அந்தக் கேள்வியை அப்படியே எழுத வேண்டும். அது எந்தத் துறைக்குச் சேரும் என்று டிக்ரூஸ் யோசித்துச் சொல்வார். பாடத்தின் பெயரை அதற்குப் பிறகுதான் எழுதுவேன். மாணவரின் சொந்தத் துறையைச் சேர்ந்த கேள்வியாக இருந்தால் அட்டை குப்பைக்குப் போகும், அவர் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

பொருளாதாரம் படித்த ஒரு பையன், ஈரக் கை பட்டால் அம்மா போட்ட ஊறுகாய் ஏன் கெடுகிறது என்று கேட்டான். அவன் பூஞ்சணப் பாடத்துக்குப் போனான். ஆங்கில இலக்கியம் படித்த ஒரு பெண், ஆற்றங்கரையில் காலையில் இல்லாத நாற்றம் சாயங்காலம் எங்கிருந்து வருகிறது என்றாள். அவள் விடுமுறை முழுக்கக் கடல் ஏற்ற இறக்கத்தை அளந்துகொண்டு முழங்கால் சேற்றில் நின்றாள். பேசாமல் இலக்கியத்திலேயே இருந்திருக்கலாம் என்று என்னிடம் திட்டிவிட்டுப் போவாள். ஆனால் மறுநாள் எனக்கு முன்னால் வந்து நிற்பாள்.

இப்படித்தான் கனகவல்லி வந்தாள். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். தகப்பன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. தாய் அங்கம்மாள் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை, அதாவது மரங்களுக்கு நடுவே புல் வெட்டுகிற வேலை. எப்படியோ உபகாரச் சம்பளத்தில் ஏறி ஏறிச் சரித்திரம் படிக்கப் போய்விட்டாள். தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது கூலிக்காரர் குடியிருப்பு வரிசையிலிருந்து, பல்கலைக்கழகம் போன பெண் எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

அவள் யோசிக்கவே இல்லை. வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "ரப்பர் மரத்துக்கு அடியில இருட்டுல ஒண்ணு வெளிச்சம் விடுமாம். அது என்னன்னு தெரியல, சார்."

டிக்ரூஸின் கை கச்சானோடு நின்றுவிட்டது. "யார் பார்த்தது?"

"தோட்டத்துல ஒருத்தங்க. சண்டைக்கு முன்னாடி பார்த்தாங்களாம்."

"மின்மினியா?"

"இல்லை. பறக்காதாம். மினுக்கவும் மினுக்காதாம். செத்த கட்டையில ஒட்டிக்கிட்டு, அப்படியே நிக்குமாம்."

ஒருவேளை காளானாக இருக்கலாம், அந்த மாதிரிக் காளான்கள் உண்டு என்று படித்திருக்கிறேன், நம் தோட்டங்களில் எது என்று தெரியாது என்றார் டிக்ரூஸ். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! எனக்கே தொற்றிக்கொண்டது. இரவில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, இதற்கு ஒரு விடுமுறை எதற்கு என்று நான் கேட்டேன்.

கனகா என்னைப் பாவமாகப் பார்த்தாள். "காதர் அண்ணே, எங்க தோட்டத்துப் பக்கம் வந்திருக்கீங்களா?"

நான் போனதில்லை. டவுன்காரனுக்கு அவசரகாலம் என்றால் ரோட்டில் சோதனை, அவ்வளவுதான். தோட்டத்தில் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி. பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். முன்பெல்லாம் இருட்டோடு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர்கள் இப்போது வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இருட்டில் மரத்தடியில் எவர் நின்றாலும் சுட்டுவிடுவார்கள். சரி, காளானைப் பறித்து வந்து லயத்துக்குள் வைத்துப் பார்க்கலாமே என்றால், வேலியைச் சுற்றி விடிய விடியப் பெரிய விளக்குகள் எரியும். பலகைச் சுவரின் இடுக்கெல்லாம் வெளிச்சம். அந்தத் தோட்டத்தில் இருட்டே இல்லாமல் போய்விட்டது.

எங்கள் நிலையத்தில் போட்டோ கழுவ ஓர் இருட்டறை இருந்தது. ஆகவே திட்டம் இப்படி முடிவானது: பகலில் செத்த கட்டைகளில் முளைத்த காளான்களில் கண்ணில் படுவதையெல்லாம் பறித்து டவுனுக்குக் கொண்டுவர வேண்டும். இருட்டறையில் வைத்து எது ஒளிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் பேர் பதியாத கனகாவை மரங்களுக்குள் விட மாட்டார்கள். அதனால் புல் வெட்டப் போகிற அவள் தாயார் பறித்து வந்து கொடுப்பார்.

முதலில் வந்ததெல்லாம் கூழ். அங்கம்மாள் காலையில் பறித்து டின்னில் போட்டது பகல் வெயிலில் வெந்து, மறுநாள் லாரியிலும் பஸ்ஸிலும் குலுங்கி, எங்கள் மாடிக்கு வந்து சேரும்போது கறுப்புச் சாறாக நாறும். கீழே கடைக்காரர் மேலே வந்து என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டார். டிக்ரூஸ் மட்டும் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, சுவாரசியமாக இருக்கிறது என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை கனகா படியேறி ஓடி வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். பிரித்துக் காட்டினாள். நாலைந்து வகைக் காளான்கள், குடையும் காம்புமாக, பறித்தபடியே இருந்தன. பழுப்பில் பெரியது, மஞ்சளில் காது போல ஒன்று, சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னதாக ஒரு கொத்து.

"எப்படிக் கெடாமல் வந்தது?" என்றார் டிக்ரூஸ்.

"எங்கம்மா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க, சார். உப்புச் சாடியில தண்ணி விடாம இருக்க வறுத்த அரிசி போட்டு வைப்போம்ல? அதே மாதிரி டின்னுக்கு அடியில ஒரு பிடி வறுத்த அரிசி. மேல துணி, அதுக்கு மேல காளான். நேத்து அதுல வெச்சுத்தான் வீடு வரைக்கும் கொண்டாந்தாங்க. ஈரத்தையெல்லாம் அரிசி இழுத்துக்கிச்சு. இன்னிக்கும் அதே டின்னை அதே அரிசியோட எடுத்துட்டுப் போயிருக்காங்க."

அவள் பெருமையோடு சொன்னாள், நானும் பலே என்றேன். எங்கள் மூவருக்கும் உறைக்கவில்லை. இருட்டறைத் திரையை நான் இழுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணி பேசினார். அங்கம்மாளைக் கேட்டில் பிடித்துவிட்டார்கள். டின்னில் அரிசி இருந்தது. போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டு போவது அந்தக் காலத்தில் எப்பேர்ப்பட்ட குற்றம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னாலும் புரியாது. காட்டில் ஒளிந்திருக்கிறவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த வேலியே. சிறைக்கு அனுப்பலாம். இந்தியாவில் பிறந்த ஆளாக இருந்தால் கப்பலேற்றியும் விடலாம். அங்கம்மாள் இந்தியாவில் பிறந்தவர். கனகா அழவில்லை, பொட்டலத்தை மட்டும் திரும்பத் திரும்ப மடித்தாள்.

டிக்ரூஸின் சின்னக் கறுப்புக் காரில் மூவரும் புறப்பட்டோம். டுரியான் துங்கால் ஊரைத் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். கனகாவின் மடியில் இருந்த பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார்கள்.  அத்தா அடிக்கடி சொல்கிற மாதிரி துணிக்கடையிலேயே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். நடுத்தர வயது, கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். மேசை மேல் அந்த டின் இருந்தது. அங்கம்மாள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலையில் வேலைக்குப் போகிற துணிக்கட்டு, முழங்கை வரை பழைய சட்டைக் கை. மகளைப் பார்த்ததும், "நீ எதுக்குடி வந்தே? காளான் கெட்டுப் போயிருமே" என்றார்.

இன்ஸ்பெக்டர் சொன்னார்: "வழக்கில் சிக்கலே இல்லை, சார். கேட்டில் இருந்த கான்ஸ்டபிள், அரிசியை எங்கே கொண்டு போகிறாய் என்று மலாயில் கேட்டான். இந்த அம்மாள் தானாகவே சொல்லிவிட்டார். ஊத்தானுக்கு என்று."

ஊத்தான் என்றால் மலாயில் காடு.  கனகா தாயாரை முறைத்தாள். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னேன். காட்டுக்குத்தானேடி போறேன்?"

டிக்ரூஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அங்கம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். பாடம் எடுக்க வந்த மாணவரிடம் பேசுகிற அதே குரல். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அந்த ஊத்தான் எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்? அங்கே என்ன இருக்கும்?

"மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால, தம்பி. ரெண்டு மர நெரை தாண்டினா வந்திரும். அங்கேருந்து கூப்பிட்டா லயத்துல கேக்கும். என்ன இருக்கும்? பால் மரம் இருக்கும், புல்லு இருக்கும், வேலை வாங்குற மண்டோர் கையில குடை வெச்சிக்கிட்டு நிப்பான்."

நான் இதை மலாயில் சொன்னபோது வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். கனகாவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து இன்ஸ்பெக்டரிடம் நல்ல மலாயில் சொன்னாள்: "எங்க பேச்சுல ரப்பர் மரம் நிக்கிற இடமும் காடுதான், துவான். எங்கம்மா செய்யிற வேலைக்குப் பேரே வெளிக்காட்டு வேலை. அவங்களுக்குத் தெரிஞ்ச மலாய் வார்த்தையப் போட்டுட்டாங்க. நீங்க நினைக்கிற காட்டை அவங்க எட்டிக்கூடப் பார்த்ததில்ல."

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இளகினார். ஆனால் விடவில்லை. "சரி. எந்தக் காடாக இருந்தாலும் வேலிக்கு வெளியே அரிசி அரிசிதான்."

"அது சாப்பிடக்கூடிய அரிசி இல்லை. விஷக் காளானின் சாறு அதில் ஊறியிருக்கிறது" என்றார் டிக்ரூஸ்.

"பசித்தவன் கழுவிவிட்டுச் சாப்பிடுவான், சார். நான் பார்த்திருக்கிறேன்." அவர் டின்னைத் தன் பக்கம் இழுத்து, அரிசியில் கொஞ்சத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எனக்கு விளங்காதது வேறு. இவர்களுக்கு அரிசி அளந்துதான் கிடைக்கிறது. வயிற்றுக்கே பற்றாது. அதிலிருந்து எடுத்துக் காளானைக் காயவைக்கப் போட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புவீர்களா?"

நியாயமான கேள்வி.  கனகா முன்னால் வந்தாள். "நான்தான் கேட்டேன், துவான். என் படிப்புக்காகத்தான். பிடிக்கிறதா இருந்தா என்னைப் பிடிங்க. இந்தப் பாடத்தையே விட்டுடறேன். இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்."

அங்கம்மாளுக்கு அந்த மலாய் முழுதாக விளங்கவில்லை. "என்ன தம்பி சொல்றா?" என்று என்னைக் கேட்டார்.

"பாடத்தை விட்டுடறேன்னு சொல்லுது, அம்மா."

அந்த அம்மாளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! பிடித்துக்கொண்டு வந்தபோதுகூட வராத கோபம். பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார்.

"விடறதுக்கு அவ யாரு? அது என் கேள்வி, தம்பி. சொல்லுங்க அந்த ஐயாகிட்ட. இவ பொறக்கிறதுக்கு முந்தி நான் மரம் சீவிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் காலையில மழ பேஞ்சு தல விளக்கு அணைஞ்சு போச்சு. இருட்டுல ஒண்டியா நிக்கிறேன். காலுக்குப் பக்கத்துல ஒரு கட்ட. அதுல ஒண்ணு வெள்ளையா, பச்சையா, சத்தமில்லாம நிக்குது. ஓடிட்டேன். பேய்ன்னாங்க, முனின்னாங்க. மண்டோர்கிட்ட கேட்டேன், நெரையப் பாத்து வேலை செய்யின்னான். கங்காணிகிட்ட கேட்டேன், கள்ளு குடிச்சியான்னான். அதுக்கப்புறம் எத்தனையோ தரம் பாத்தேன். பயம் போயிருச்சு, என்னன்னு தெரியல. யாரைக் கேக்கிறது? எனக்கு எழுத்துத் தெரியாது. படிக்கிற மக இருக்காளேன்னு அவளக் கேட்டேன். கண்டுபிடிச்சுச் சொல்றேன்னா. அதுக்கு ஒரு பிடி அரிசி குடுத்தா என்ன? ராத்திரி நான் மரவள்ளி தின்னுக்கிட்டேன். செத்தா போயிட்டேன்?"

நான் மொழிபெயர்த்தேன். 'அந்த அம்மாள் பார்த்தார்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நான் பார்த்தேன்' என்றே சொல்லிக்கொண்டு போனேன்.  எத்தனை மாணவர்களின் கேள்விகளை மஞ்சள் அட்டையில் எழுதியிருக்கிறேன், அவை யாருடைய கேள்விகள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கனகா தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த அரிசியை டின்னில் போட்டார். பிறகு கனகாவின் கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டி, "அதில் எது?" என்று கேட்டார்.

அவள் இலையைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். "தெரியாது, துவான். இருட்டுல பார்த்தாத்தான் தெரியும். இதுல இல்லாமலும் இருக்கலாம்."

"பேராசிரியருக்கு?"

"தெரியாது" என்றார் டிக்ரூஸ்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அந்தக் கட்டடத்தில் ஜன்னலே இல்லாத அறை ஒன்றுதான் இருந்தது. லாக்கப். கெட்டியான பலகைக் கதவு, முகத்தளவுக்கு ஒரு சின்னத் துவாரம். கதவைத் திறந்து எங்களை உள்ளே போகச் சொன்னார். கைதாகிறோமா, பாடம் படிக்கிறோமா என்று எனக்கு ஒரு நொடி சந்தேகம். டிக்ரூஸ் இலையோடு காளான்களைத் தரையில் வைத்தார். இன்ஸ்பெக்டரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். துவாரம் வழியாக வெளிச்சம் கோடாக விழுந்தது. அவர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றித் துவாரத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றும் தெரியவில்லை. வெளியே நடுப்பகல். உள்ளே ஐந்து பேர் மூச்சு விடுகிற சத்தம், சிமெண்டு நாற்றம், புழுக்கம். கண் பழகக் கொஞ்ச நேரமாகும், பொறுங்கள் என்றார் டிக்ரூஸ். பொறுத்தோம். இதில் எதுவும் ஒளிவிடாவிட்டால் இந்த அம்மாள் இதே அறையில் இருக்க வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். கனகா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சாமி பேரோ என்னவோ. நானும் என் பங்குக்கு அல்லாஹ்விடம் கேட்டேன். ஒரு காளானுக்காக துஆ கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பழுப்புக் காளான் இருந்த பக்கம் ஒன்றுமில்லை. மஞ்சள் காது இருந்த பக்கமும் இருட்டு. இலையின் ஓரத்தில் ஏதோ வெளுப்பாக இருப்பது போலத் தோன்றியது. கண்ணைக் கசக்கினேன். போகவில்லை. அந்தச் சாம்பல் நிறக் கொத்து, சீந்துவாரில்லாத அந்தச் சின்னக் கொத்து, பச்சை கலந்த வெள்ளையில் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. மினுக்கவில்லை. அப்படியே நின்றது. ஒவ்வொரு குடையும் காம்பும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இதேதான்" என்றார் அங்கம்மாள்.

 அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோவது அந்த வெளிச்சத்தின் முன்னால் நிழலாகத் தெரிந்தது. "கனகா, பாத்தியாடி? நான் பொய் சொல்லல, பாத்தியா?"

"பாத்தேம்மா."

போதும், கதவைத் திறக்கலாமா என்று நான் கேட்டேன். "கொஞ்சம் இருங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரல் முன்னைவிடக் கீழே, காளானுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. தொப்பியைப் பிடித்த கையை எடுக்காமலே எப்படியோ குனிந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் அவர் ஒரு தாளில், டின்னில் இருந்தது நச்சுக் காளான் கலந்து கெட்டுப்போன பொருள், உணவு அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அரிசியைத் தன் கண் முன்னாலேயே குழி வெட்டிப் புதைக்கச் செய்தார். இனிமேல் அரிசி வெளியே வந்தால் தன்னாலும் காப்பாற்ற முடியாது என்று அங்கம்மாளிடம் நிதானமாகச் சொன்னார். நான் தமிழில் இன்னும் நிதானமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

காரில் ஏறப்போகும்போது அங்கம்மாள் நின்றார். "தம்பி, சாரைக் கேளுங்க. அதுக்குப் பேரு என்ன?"

கேட்டேன். தெரியாது, புத்தகங்களைப் பார்க்க வேண்டும், ஒருவேளை புத்தகத்திலும் இருக்காது என்றார் டிக்ரூஸ். அவருக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

"இன்னும் வேணுமா அவருக்கு?"

"நிறைய வேணும்மா" என்றாள் கனகா. "ஆனா நீ எடுக்க வேணாம். போதும்மா."

அங்கம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டின்னைத் திருப்பி உள்ளே பார்த்தார். துணியால் துடைத்தார். "அரிசி ஆகாதுன்னுட்டாங்க. அடுப்புக் கரி போட்டா ஈரத்த இழுக்குமா? கரி தின்ற பொருள் இல்லையே, அத யாரும் புடிக்க மாட்டாங்கள்ல?"

நான் டிக்ரூஸைப் பார்த்தேன். அவர் கனகாவைப் பார்த்தார். அவள் கையை விரித்தாள்.

"யாருக்கும் தெரியாதா?" என்றார் அங்கம்மாள். டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். "சரி, திங்கக்கெழம போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."